கம்ப்யூட்டர் சுமத்திய பழி

தான் உட்கார்ந்து வேலை பார்த்த இடத்தில் ஒருவர் மாவிலையால் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழிப்பதைத் தெருவில் நின்று பார்க்கிற கொடுமை எந்தப் பெண்ணுக்கும் நேரக்கூடாது. வடிவுக்கு நேர்ந்தது. அதுவும் வெள்ளிக்கிழமை காலையில், கையில் சாப்பாட்டுக் கூடையோடு, எதிரே ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது.

உள்ளே கலசம் வைத்திருந்தார்கள். புரோகிதம் பார்க்கும் வாத்தியார் மந்திரம் சொல்லிக்கொண்டே நாற்காலிக்குத் தெளித்தார், மேசைக்குத் தெளித்தார், கம்ப்யூட்டர் திரைக்குத் தெளித்தார். கடைசியில் கீபோர்டுக்கும் தாராளமாகவே தெளித்தார். கடை முதலாளி ஸுதர்சன் கைகூப்பி நின்றிருந்தார்.

“சார், இன்னா சார் இது?”

“நீ உள்ளே வராதே வடிவு. இனிமே வரவேண்டாம். பாக்கி சம்பளத்தை உங்க வீட்டுக்காரர்கிட்டே குடுத்தனுப்பறேன்.”

“நான் இன்னா பண்ணேன்?”

“அதை நடுத்தெருவிலே என் வாயாலே சொல்ல வைக்காதே.”

சொல்லாமல் விட்டதுதான் சொன்னதைவிட மோசமாகப் போயிற்று. ஸ்டாண்டில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வடிவின் முகம் தீயில் காட்டியதுபோல் சிவந்தது. அவள் அழவில்லை. அழுகையின்மேல் கோபம் ஏறி உட்கார்ந்திருந்தது.

வாலாஜாபாத் பக்கம் பாலாற்றங்கரைக் கிராமம் அவள் பிறந்த ஊர். அப்பா பிறத்தியார் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அம்மா ரைஸ் மில்லில் நெல் காயவைத்தவள். ‘நம்ம கையிலதான் மண்ணும் உமியும், உன் கையிலயாவது ஒட்டாம இருக்கட்டும்’ என்று சொல்லிச் சொல்லி மகளை டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பியவளும் அவள்தான். தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் செய்துவிட்டு டிடிபி கற்றுக்கொண்டு, சின்ன காஞ்சிபுரம் சன்னதித் தெரு முனையில் ஸுதர்சனின் கடையில் வடிவு வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அதன்பிறகு அந்த ஊர்ப் பெரிய வீடுகளின் கல்யாணப் பத்திரிகை, உபநயனப் பத்திரிகை, கோயில் உற்சவ நோட்டீஸ் என்று எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் வந்தன. தன் தகப்பன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெருக்களில் யாருக்கு யாரோடு சம்பந்தம் என்பது முதலில் தெரிவது தனக்குத்தான் என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டதுண்டு. பெருமாள் பெயரில் ஒரு கால், ஒரு கொம்பு அவள் தப்பாக அடித்ததில்லை. அப்படிப்பட்டவளைத்தான் வாசலோடு நிறுத்தினார்கள்.

நடந்தது இதுதான்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், வைகாசி கருட சேவைக்கு முந்தைய நெருக்கடி நாட்கள். ஒரு கல்யாண வீட்டார் பத்திரிகைக்கு வந்திருந்தார்கள். முகூர்த்தப் புடவைக்குத் தறியில் என்ன கரை போட்டிருக்கிறார்களோ, அதே கரை பத்திரிகையின் ஓரத்திலும் ஓடவேண்டும். காஞ்சிபுரத்தில் வசதியுள்ளவர்களுக்கு அப்படி ஓர் ஆசை. இந்தப் பெண்ணின் புடவையில் அன்னப்பட்சிக் கரை. கடையில் இருந்த சிடிகளில் யானை இருந்தது, மயில் இருந்தது, மாங்காய் இருந்தது, அன்னம் இல்லை.

“இன்டர்நெட்டுலே தேடு வடிவு. இலவசமாவே குடுக்கறானாம்,” என்றார் ஸுதர்சன். பிராட்பேண்ட் இணைப்பு வந்த புதிது. அதை நாலு பேருக்குக் காட்டுவதில் அவருக்குப் பெருமை.

வடிவு தேடினாள். ஓரத்தில் பூவும் கொடியுமாக ஒரு தளம் திறந்தது. அன்னம் தெரிந்தது. அதன்மேல் அழுத்தினாள். அவ்வளவுதான். அன்னம் மறைந்து திரை நடுவே சிவப்புக் கேடயம் போட்ட ஒரு பெட்டி குதித்தது. ‘உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது’ என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து. கீழே ஒரு பச்சைக் கோடு விறுவிறுவென்று ஓடியது. கோடு ஓட ஓட ஒரு பட்டியல் வளர்ந்தது. வைரஸ் என்று நாலைந்து பெயர்கள். அதற்கடுத்து, இந்தக் கம்ப்யூட்டரில் பார்க்கப்பட்ட ஆபாசப் படங்கள் என்று வரிசையாக, வாயில் வராத பெயர்கள்.

அவள் பதறிப்போய் மூலையில் இருந்த எக்ஸ் குறியை அழுத்தினாள். மூடுவதற்குப் பதிலாக இன்னொரு பெட்டி திறந்தது. ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினாள். என்னவோ உள்ளே இறங்க ஆரம்பித்தது. அவளுக்குப் பின்னால் வந்து நின்ற ஸுதர்சன் என்ன ஏது என்று தெரியாமலே அந்தப் படப் பட்டியலை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கி, மூன்றாவது பெயரில் நிறுத்தினார். பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். பெண்ணின் அம்மா எழுந்து வெளியே போனாள். புரூஃப் பார்க்கும் பாச்சா மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“வடிவு, என்ன இதெல்லாம்?”

“தெர்லியே சார். நான் அன்னப்பட்சிதான் தேடுனேன். நீங்களே பாத்தீங்களே.”

“இப்போ தேடினது தெரியும். இது முன்னாடி பார்த்ததுன்னா போட்டிருக்கு.”

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வழக்கமாக வரும் காசிநாதனுக்குப் போன் போயிற்று. பெரிய காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருப்பவன். வந்தான், பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

“சீரியஸான கேஸ் சார். இந்த மாதிரி சைட்டுக்குலாம் போனாத்தான் இது வரும். யாரு யூஸ் பண்றாங்க?”

எல்லாக் கண்களும் வடிவின் பக்கம் திரும்பின. காசிநாதன் ஒரு சிடியைப் போட்டான், காசை வாங்கிக்கொண்டான், மாதாமாதம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிப் போனான். மறுவெள்ளிக்கிழமை கலசம் வந்தது.

ஒரு ஆம்பளை உட்கார்ந்திருந்த நாற்காலியாக இருந்தால் வாத்தியாரைக் கூப்பிட்டிருப்பார்களா? ஒரு சிரிப்பு, ஒரு ‘ஜாக்கிரதைப்பா’, அதோடு முடிந்திருக்கும். உட்கார்ந்திருந்தது ஒரு பெண். அதிலும் இன்ன ஊரிலிருந்து, இன்ன தெருவிலிருந்து வந்தவள். அதுதான் மெஷின் சொன்னதும் எல்லாரும் அப்படி உடனே நம்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் அவள் பிழையில்லாமல் அடித்த பெயர்கள் ஒன்றுகூட அவளுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.

அன்று சாயங்காலம் செவிலிமேட்டு வீட்டில் இன்னோர் இடி காத்திருந்தது. அவள் புருஷன் யேசுதாஸ் சன்னதித் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நல்லவன், குடிக்கமாட்டான், கல்யாணத்தின்போது அவளை மாதாகோயிலுக்கு வா என்றுகூட வற்புறுத்தாதவன். அவன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, கைகழுவி, சாப்பிட உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

“ஸ்டாண்டுல ஒரு மாதிரி பேசிக்கினு இருக்கானுங்க. நீ அது எதுனா... தெரியாத்தனமா பாத்தியா?”

வடிவு குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இன்னா கேட்ட?”

“இல்ல வடிவு, சும்மா கேட்டேன்பா.”

“சும்மாவா? ஊரு கேட்டுச்சி, சரி. அய்யரு தண்ணி தெளிச்சாரு, சரி. நீயுமா?”

அவள் அவனுக்குச் சோறு போட்டாள், பேச்சைப் போடவில்லை.

மறுநாள் அவள் நேராகக் காசிநாதன் கடைக்குப் போய் நின்றாள். கடையில் அவன் மட்டும் இருந்தான்.

“வாக்கா. இன்னாக்கா வெயில்ல?”

“அந்தப் பொட்டியில வந்துச்சே லிஸ்ட்டு, அது நான் பாத்ததா? உங்க அம்மா மேல சத்தியமா சொல்லு.”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். அப்புறம் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே மாட்டாள்.

“அக்கா, அது வெறும் பொம்மக்கா. கோடு ஓடுதே, அது ஒண்ணையும் தேடல. டிவில விளம்பரம் ஓடுற மாதிரி அது பாட்டுக்கு ஓடும். எவன் கம்ப்யூட்டர்ல வந்தாலும் அதே லிஸ்ட்டுதான். எவனோ எங்கியோ உக்காந்துக்கினு வுடறான். பயந்துபோயி கார்டு நம்பர அடிச்சா அவனுக்குக் காசு. நெஜமான ஆன்டி வைரஸ்னா நாம போட்டதா இருக்கும், பேரு நமக்குத் தெரியும், இப்டி நடுவுல வந்து கத்தாது. சாமி படம் தேடினாக்கூட இந்தச் சனியன் வரும்.”

“அத மூடப்போனா இன்னோண்ணு வந்துதே?”

“எக்ஸுகூட பொய்தான்க்கா. எத அழுத்தினாலும் உள்ள வுடுன்னுதான் அர்த்தம். நெட்டு ஒயரப் புடுங்கிட்டு மெஷின ஆஃப் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும்.”

“இவ்ளோ தெரிஞ்சிக்கினு அன்னிக்கி ஏன்டா அப்டி சொன்ன?”

“நான் இன்னாக்கா பண்றது? பொய்யின்னு சொன்னா ஒயரப் புடுங்கிட்டு காசில்லாம எழுந்து வரணும். பொழப்புன்னு ஒண்ணு இருக்குது இல்ல? நான் உன்னயச் சொல்லல. யாரு யூஸ் பண்றாங்கன்னுதான் கேட்டேன். அவருதான் உன்னயப் பாத்தாரு.”

எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவனுக்கு வடிவு யாரென்றே தெரியாது. அவன் பொய்யை வலை மாதிரி வீசிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். ஆனால் இவன் அவளைத் தெரிந்தவன். அவள் வீட்டு மோர் குடித்தவன். அந்தப் பொய்யைக் கையால் எடுத்து அவள் தலையில் வைத்தவன் இவன்தான்.

“வா. சார்கிட்ட வந்து இதச் சொல்லு.”

“போக்கா. என் கடைய மூடச் சொல்றியா?”

அவள் மட்டும் போனாள். வாசலில் நின்றே ஸுதர்சனிடம் சொன்னாள். அவர் காசிநாதனுக்குப் போன் போட்டார். ‘நான் எதுவும் சொல்லல சார், அந்தக்கா சண்டைக்கு வந்தாங்க’ என்றான் அவன். ஸுதர்சன் போனை வைத்தார்.

“நீ சொல்றதை நம்பறதா, மெஷின் கண்ணுக்கு முன்னாலே காட்டினதை நம்பறதா? மெஷினுக்கு உன்மேலே என்ன விரோதம்?”

தீட்டுக் கழித்த கீபோர்டு தண்ணீர் இறங்கிச் செத்துப்போய், புதுசு வாங்கி மாட்டியிருந்தார்கள். கருட சேவை வந்தது, போனது. கூட்டத்தில் தெரிந்த முகங்கள் அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. வேறு இரண்டு டிடிபி கடைகளில் வேலை கேட்டாள். ‘சொல்லி அனுப்பறோம்மா’ என்றார்கள். அவளுக்கு முன்னால் அவள் பேர் அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் பிற்பகல் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. ஸுதர்சனின் மகள் ஸிந்துஜா. பிளஸ் டூ முடித்துவிட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்காகக் காத்திருந்த பெண். பள்ளிக்கூட ப்ராஜெக்டெல்லாம் வடிவிடம் அடித்து வாங்கிப் போனவள். குரல் நடுங்கியது.

“அக்கா, நான் காலேஜ் லிஸ்ட்தான் பார்த்திண்டிருந்தேன். ஒரு ரெட் பாக்ஸ் வந்துடுத்து. அசிங்க அசிங்கமா போட்டிருக்கு. க்ளோஸ் பண்ணா மறுபடி மறுபடி வரது. நான் சத்தியமா எதுவும் பாக்கலை அக்கா. அப்பா வந்துடுவா. பார்த்தா காலேஜே வேண்டாம்னுடுவா. உங்களுக்கும் இதானே வந்தது? எப்படிப் போக வைக்கறது?”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், வடிவின் மனசில் ஓர் இனிப்பு கிளம்பியது. வரட்டும். அவரும் பார்க்கட்டும். தன் வீட்டுக் கலசத்தைத் தானே வைத்துக்கொள்ளட்டும். அடுத்த கணம் அந்த இனிப்பே அவளுக்குக் கசந்தது. மறுமுனையில் அழுவது ஒரு சின்னப் பெண். தான் விழுந்த அதே குழியின் விளிம்பில் நிற்கிறாள்.

“ஒயரப் புடுங்கு பாப்பா. எதயும் அழுத்தாத. நான் வரேன்.”

போன் திடீரென்று அறுந்தது. அதற்கு முன்னால் ஓர் ஆண் குரல் கேட்டது. ‘என்ன இது?’

தெரு முனையில் யேசுதாஸ் வண்டியோடு நின்றிருந்தான். வடிவு ஏறி உட்கார்ந்தாள். “சன்னதித் தெருவுக்கு வுடு.” பல நாளைக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. அவன் ஏன் என்று கேட்கவில்லை.

கடை இருந்த தெருவிலேயே இருந்த ஸுதர்சன் வீட்டு வாசற்படியை அவள் அதுவரை தாண்டியதில்லை. அன்று தாண்டினாள். ஸுதர்சனின் மனைவி சூடாமணி அவளைப் பார்த்தாள், தடுக்கவில்லை. கூடத்தில் கம்ப்யூட்டர் எதிரே ஸுதர்சன் நின்றிருந்தார். சுவரோடு சுவராக ஸிந்துஜா. கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. திரையில் அதே சிவப்புக் கேடயம், அதே பச்சைக் கோடு.

“நீ எங்கே வந்தே? உன்னை யார் கூப்பிட்டா?”

“நான்தாம்ப்பா,” என்றாள் ஸிந்துஜா.

வடிவு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“சார், படிங்க. அன்னிக்கி கல்யாண வூட்டுக்காரங்க முன்னாடி வாய்விட்டுப் படிச்சீங்களே, இதையும் படிங்க. மொதப் பேரு அதே. ரெண்டாவது அதே. மூணாவதுல நிறுத்திட்டீங்க, அது எனக்கு மறக்காது. பாருங்க, அந்த மூணாவதும் அங்கியே இருக்குது.”

ஸுதர்சன் பார்த்தார். உதடு அசைந்தது.

“இப்ப ஒண்ணு சொல்லுங்க. உங்க பொண்ணும் நானும் கூடிப் பேசி ஒரே படத்த, ஒரே வரிசையில பாத்தோம்ன்னு சொல்லுங்க. இல்ல, ரெண்டு பேருமே பாக்கலன்னு சொல்லுங்க. நான் பாத்தேன், உங்க பொண்ணு பாக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க. மெஷினுக்கு உங்க பொண்ணு மேல மட்டும் இன்னா விரோதம் சார்?”

“வடிவு, நீ பேசாம இரு. நான் காசிநாதனைக் கேக்கறேன்.” அவர் எண்களை அழுத்தினார். எதிர்முனைக் குரல் கூடத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்டது.

“வீட்டுலயும் வந்துருச்சா சார்? ஒண்ணும் கவலப்படாதீங்க, சிடியோட வரேன். யாரு சார் யூஸ் பண்றாங்க? பொண்ணா?” ஸுதர்சன் ‘உம்’ கொட்டினார். “அதான பாத்தேன். இந்த மாதிரி சைட்டுக்குலாம் போனாத்தான் இது வரும்.”

அன்று வடிவைச் சொன்ன அதே வாக்கியம், எழுத்து மாறாமல். இன்று அது அவருடைய குழந்தையைச் சொன்னது. ஸுதர்சனின் கையிலிருந்து ரிசீவர் நழுவி, ஒயரில் தொங்கி, ‘ஹலோ, ஹலோ சார்’ என்று தனியே பேசிக்கொண்டிருந்தது.

சூடாமணி முன்னால் வந்தாள்.

“என்ன நின்னுண்டிருக்கேள்? வாத்தியாருக்குச் சொல்லி அனுப்புங்கோ. கலசம் வைக்கணுமே. உங்க பொண்ணு உக்காந்த நாற்காலிக்கும் தெளிச்சுடலாம். பொண்ணையே வேணும்னா தெருவிலே நிறுத்திடலாம்.”

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வடிவு குனிந்து, சுவரோரம் இருந்த இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினாள். சுவிட்சை அணைத்தாள். திரை கறுத்தது.

“பாப்பா, மூஞ்ச கழுவு. நீ எதுவும் பண்ணல.”

ஸிந்துஜா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். வடிவு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“தப்புப் பண்ணிட்டேன் வடிவு,” என்றார் ஸுதர்சன். “மனசிலே வெச்சுக்காதே. நாளையிலேருந்து வேலைக்கு வந்துடு.”

“இங்க சொன்னா யாருக்குக் கேக்கும் சார்?”

“வேறே என்ன பண்ணணும்?”

“தெருவுல நிறுத்தினீங்க. தெருவுல சொல்லுங்க.”

அவர் சூடாமணியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் எழுந்தார். சன்னதித் தெருவில் அவர் இறங்கி நடந்தார். வடிவு பின்னால் நடக்கவில்லை, பக்கத்திலேயே நடந்தாள். கடை வாசலுக்கு வந்ததும் பாச்சா மாமா எட்டிப் பார்த்தார். ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சு நின்றது.

“வடிவுமேலே எந்தத் தப்பும் இல்லை,” என்றார் ஸுதர்சன், தரையைப் பார்த்து.

“கேக்கல சார்.”

அவர் நிமிர்ந்தார். “கம்ப்யூட்டர்லே வந்தது யாரோ காசுக்காகப் பண்ற மோசடி. எங்காத்துலேயும் வந்தது. அதை நம்பி, ஒரு நல்ல பொண்ணு பேரை நான் கெடுத்தேன். தப்பு என்னோடது.” சொல்லி முடித்தபோது அவர் குரல் உடைந்திருந்தது. “நாளைக்கு வரியா வடிவு?”

“யோசிச்சிச் சொல்றேன் சார்.”

பாச்சா மாமா ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். “மாமா, அன்னிக்கி உங்க கண்ணாடியில அவ்ளோ அழுக்கா இருந்துச்சா?” என்று கேட்டாள் வடிவு. அவர் உள்ளே போய்விட்டார்.

யேசுதாஸ் வண்டியைக் கிளப்பிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நிறுத்தினான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

“ஏறு வடிவு. வூட்டுக்குப் போலாம்.”

“நீயும் கேட்டியே.”

“கேட்டேன். தப்புதான்.”

“அவரு சொன்னாரு இல்ல, எல்லார் முன்னாடியும்? உனக்கு இன்னா?”

யேசுதாஸ் தன் கூட்டாளிகளைப் பார்த்தான். இஞ்சினை அணைத்தான். இறங்கினான்.

“டேய், எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா. நீங்க பேசினத நம்பி, எம் பொண்டாட்டியப் போயி நான் அந்தக் கேள்வி கேட்டுட்டேன். அவமேல ஒண்ணும் இல்ல. எம்மேலதான்.”

யாரோ ஒருவன் மெல்லச் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அவனும் நிறுத்திவிட்டான்.

வடிவு வண்டியில் ஏறினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அத்தனை நாள் வராத கண்ணீர் இப்போது தாராளமாக வந்தது. ஆனால் கோபம் கரையவில்லை. அது கண்ணீருக்குள்ளும் சுடச்சுட நின்றது.

“வூட்டுக்குத்தானே?” என்று கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டான் யேசுதாஸ்.

“இல்ல. பஸ் ஸ்டாண்டுக்கு வுடு. காசிநாதன் கடை மூடறதுக்குள்ள போவணும்.”